முடிஞ்சிடுச்சாம்மா?

கடற்கரையை ஒட்டிய அந்த அரங்கின் மேற்குச் சன்னல் வழியே மாலை வெயில் பியானோவின் கறுப்பு மூடியில் விழுந்து, முன்வரிசைக்காரர்களின் கண்ணைக் கூசவைக்கிறது. செந்தமிழ்ச்செல்வி வாசிப்பதைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறாள். பாரீசிலும் வியன்னாவிலும் பல வருடம் மேடையேறியவள், சொந்த ஊரில் வாசிப்பது இதுதான் முதல் தடவை. வலது கையின் மோதிரவிரல் உள்ளங்கைக்குள் தானாக மடங்கிக்கொண்டு நிமிர மறுக்கிறது. சில மாதங்களாகவே இப்படித்தான். யாரிடமும் அவள் சொல்லவில்லை. பியானோவின் கால்மிதியிலிருந்து காலை எடுக்காததால் கடைசியாகத் தொட்ட சுரம் மட்டும் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிந்துவிட்டதா, இடையில் நிற்கிறதா என்று விஷயம் தெரிந்தவர்கள்கூடப் பக்கத்து முகத்தைப் பார்க்கிறார்கள்; அந்த முகமும் இவர்களைத்தான் பார்க்கிறது. முன்வரிசையில் அவளுடைய அப்பா தெய்வசிகாமணி, மில்லில் தறி ஓட்டியவர், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். சற்று முன்பு இதேபோல் சத்தம் அடங்கிய இடத்தில் அவர் ஆசையாகக் கைதட்டப்போய், "உஷ், இன்னும் முடியல முசியே" என்று பின்னாலிருந்து யாரோ பிரெஞ்சு மரியாதையோடு அடக்கிவிட்டார்கள். இப்போது கைகளை மெதுவாக வெளியே எடுக்கிறார். எதற்கும் மகளையே கேட்டுவிடலாம் என்று முன்னால் குனிகிறார். "முடிஞ்சிடுச்சாம்மா?" அவள் தன் விரலைப் பார்க்கிறாள், பிறகு அவரைப் பார்க்கிறாள். "தெரியலப்பா." தட்டுவதற்குத் தூக்கிய அவர் கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அப்படியே நிற்கின்றன.