ஒரே வரி மாப்பிள்ளை

"இன்னிக்காவது உருப்படியா ஒரு வேலை செய்யுங்க மாப்பிள்ளை."

குடியிருப்புச் சங்கச் செயலாளரான மாமனார் பென் டிரைவை நீட்டினார். சோபாவில் படுத்திருந்த மாப்பிள்ளை எழுந்து உட்காரவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டிலேயே இருக்கிற மாப்பிள்ளை. கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்றார்கள். செயலாளர் பார்த்த வரைக்கும், கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் கொட்டாவி விடுகிற வேலை.

பென் டிரைவில் மாடிப்படி கேமரா எடுத்த படங்கள் இருந்தன. படிக்கட்டுக்குக் கீழே யாரோ தினமும் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போகிறார்கள். மேல் மாடியில் குடியிருக்கும் கைக்குழந்தைக்காரிதான் என்று செயலாளர் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை. ஏன் என்று கேட்க ஆள் இல்லாத வீடு. சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் படங்களை அச்சடித்து ஆளுக்கொரு கட்டு கொடுத்துவிட்டால், காலி பண்ணச் சொல்லிவிடலாம்.

"அவ ஏறறது இறங்கறது எல்லாத்தையும் எடுங்க. நான் வாக்கிங் போறதும் நடுவுல நடுவுல இருக்கும். அது வேணாம்."

"படத்தையெல்லாம் ஒரே பிடிஎஃப்பா ஆக்கணும், அவ்வளவுதானே மாமா? ஒரே வரி கட்டளை அடிச்சா முடிஞ்சுது."

இந்த ஒரே வரியைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் காது புளித்திருந்தது. மாமியாரின் எக்ஸ்ரே படங்களை அச்சடிக்கக் கொடுத்தபோதும் அந்த ஒரு வரிதான். படத்தின் பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டார். அந்தக் குறி ஃபோல்டரில் கிடக்கிற எல்லாப் படத்தையும் அள்ளிக்கொண்டு வருமாம். வந்தது. எக்ஸ்ரேக்கு அடுத்த பக்கத்தில், மச்சினி கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்து எடுத்துக்கொண்ட போட்டோ. டாக்டர் பழக்கதோஷத்தில் அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம்.

ஒவ்வொன்றாகப் பெயர் அடித்து எடுத்தால் என்ன என்று மாமியார் கேட்டதற்கு, "அது வேலையத்தவன் செய்யற வேலை, அத்தை" என்றார் சோபாவில் படுத்தபடியே.

அதனால் செயலாளர் இப்போதே சொல்லி வைத்தார். "அந்த நட்சத்திரத்தைப் போட்டுத் தொலைக்காதீங்க. பார்த்து எடுங்க. இதுல உங்களுக்கும்தான் லாபம். அவ கிளம்பினா அந்த வீட்டை உங்களுக்குத்தான் பேசி வச்சிருக்கேன். எத்தனை காலத்துக்கு இந்த ஒத்தை ரூம்லயே குடித்தனம் பண்ணுவீங்க?"

உள்ளேயிருந்து மகள், அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டாள்.

மாப்பிள்ளை பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினார். மதியம் முழுக்கக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தார். மாமியார் வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது.

"ஒரு வரிக்கா இத்தனை தட்டு?" என்று செயலாளர் மனைவியிடம் கண்ணடித்தார்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போதுதான் கட்டு கைக்கு வந்தது. மேலே ரெண்டு பக்கத்தைப் புரட்டினார். அவள்தான் இருந்தாள். திருப்தியாக இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் தோளில் தூங்குகிற குழந்தையோடு தூண் ஓரமாக நின்றாள். தான் வைக்கவில்லை என்று சொன்னாள். கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தால் வேறு வீடு பார்த்துக்கொள்வதாகவும் அவளே சொல்லிவிட்டாள். செயலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆதாரத்தைக் காட்டாமல் விடுவாரா? ஆளுக்கொரு கட்டு கொடுத்தார்.

குழந்தையோடு இறங்குகிறாள். பால் பாக்கெட்டோடு ஏறுகிறாள். மறுபடி இறங்குகிறாள். எதிலும் குப்பைப் பை இல்லையே என்று கீழ் வீட்டு டெய்லர் இழுத்தார்.

"கையைப் பார்க்காதீங்க. முழியைப் பாருங்க" என்றார் செயலாளர். "திருட்டு முழி."

எல்லாரும் முழியைப் பார்த்தார்கள். பக்கங்கள் சரசரவென்று புரண்டன. கடைசியில் சரசரப்பு நின்றது. யாரோ இருமினார்கள். டெய்லர் தாளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் குரங்குக் குல்லாவும் வாக்கிங் ஷூவுமாகச் செயலாளர் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார். கடைசிப் பக்கத்தில் பை படிக்குக் கீழே இருக்கிறது. செயலாளர் கையை வீசி நடக்கிறார். முழி வெகு தெளிவாக விழுந்திருந்தது.

"அப்போ இங்கே காலி பண்ண வேண்டியது யாரு?" என்றார் டெய்லர்.

தூண் ஓரத்தில் நின்றவளிடம் யாரோ அந்தத் தாளைக் கொடுத்தார்கள். பார்த்தாள். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, படியேறிப் போனாள்.

செயலாளர் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே மாப்பிள்ளை. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்தப் பாழாப்போன நட்சத்திரத்தைப் போடாதீங்கன்னு."

மாப்பிள்ளை சோபாவிலிருந்து எழுந்து நின்றார்.

"போடலை மாமா. ஒவ்வொண்ணா பேர் அடிச்சுத்தான் எடுத்தேன்."