பச்சையாக இருந்தால் போதும்

“இந்த மண்ணுல என்னத்தைத்தான் போடறீங்க, டெஸ்?”

டெஸ்மண்ட் கொண்டுவந்திருந்த ஜாடியைத் திறந்த ட்ரூடி மூக்கைச் சுளித்தாள். கான்பெராவின் தென்கோடியில் இருபது வருஷமாக விதையும் உரமும் விற்கிறவள். எந்தச் செடிக்கு என்ன நோவு என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள்.

டெஸ்மண்டுக்கு எழுபத்தோரு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தும், அவர் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார், பின்வராந்தாவில், பெரிய தொட்டியில். மனைவி ரோவீனாவுக்கு வயிற்றில் புற்று. குமட்டலுக்கும் வலிக்கும் உதவும் என்று நவம்பரில் வைத்தது. இப்போது மார்ச் கடைசி. செடி பூ விட்டிருந்தது.

அவர் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நுனியெல்லாம் கருகியிருக்கு. இலை நகம் மாதிரி உள்பக்கமா வளையுது” என்றாள் ட்ரூடி. “பட்டினி கிடக்கிற செடி இப்படி ஆகாது. இதுக்கு அஜீரணம்.”

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, உப்பு அளக்கும் கருவியை விட்டுப் பார்த்தாள். எகிறி நின்ற எண்ணைப் பார்த்ததும் கருவியை உதறிவிட்டு மறுபடி விட்டாள். அதே எண்.

“பூ விட்ட செடிக்குத் தழைச்சத்தைக் குறைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“நீ குடுத்த உரத்தை ரெண்டு வாரமாத் தொடவே இல்லை, ட்ரூடி.”

“அப்ப இந்தப் புளிச்ச வாடை?”

டெஸ்மண்ட் கடை வாசலைப் பார்த்தார். “பால் ஊத்தறேன். சத்துன்னு எங்கேயோ படிச்சேன்.”

“எவ்வளவு?”

“ஒரு டம்ளர். தினமும் மூணு வேளை.”

ட்ரூடி சிரித்துவிட்டாள். “கன்னுக்குட்டியா வளர்க்கறீங்க? நாளையிலேர்ந்து ஒரு சொட்டு கூடாது. வெறும் தண்ணியை வாளி வாளியா ஊத்தி மண்ணை அலசி விடுங்க. பிழைச்சுக்கும்.”

“அலசறேன். ஆனா பாலை நிறுத்த முடியாது.”

“எதுக்கு?”

அவர் இலையின் கருகிய நுனியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பாலை ஊத்திக்கிட்டே இருந்தா எத்தனை நாள் தாங்கும்?” என்றார்.

“வேர் அழுகிட்டிருக்கு. பத்து நாள்.”

“மூணு வாரம் தாங்கணும். அதுக்கு என்ன போடணும், சொல்லு.”

ட்ரூடிக்குக் கோபம் வந்துவிட்டது. “டெஸ், அறுவடைக்கே இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. மூணு வாரத்துல அது செத்துட்டா ரோவீனாவுக்கு எதைக் குடுப்பீங்க? இந்தப் பிடிவாதத்தை வேற எங்கேயாவது வச்சுக்கக் கூடாதா?”

“அறுவடை எங்களுக்கு வேண்டாம்” என்றார் அவர். “டாக்டர் சொன்ன கணக்கே மூணு வாரம்தான்.”

ட்ரூடி கையிலிருந்த கருவியை மெதுவாகக் கீழே வைத்தாள். வாசலில் யாரோ தக்காளி நாற்று கேட்டார்கள். “கொஞ்சம் இருங்க” என்றாள்.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். எனக்குத் தெரியும்கிறதுதான் அவளுக்குத் தெரியாது.” இலையை எடுத்துப் பையில் வைத்தார். “அந்தச் செடி சாகறதை மட்டும் அவ பாக்கக் கூடாது, ட்ரூடி. காய்க்க வேண்டாம், பூக்க வேண்டாம். பச்சையா இருந்தாப் போதும்.”

ட்ரூடி தொட்டியின் அடித்துளைகளைப் பெரிதாக்கச் சொன்னாள். மேல்மண்ணை வழித்துவிட்டுப் பருமணலும் கரித்தூளும் போடச் சொன்னாள். வாடையை அது இழுத்துக்கொள்ளும். தினமும் விடியற்காலையில் இரண்டு வாளித் தண்ணீர். இரண்டு மூட்டையை அவளே தூக்கிக் காரில் வைத்தாள். பணத்தை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது ரோவீனா பின்வராந்தாவில் தொட்டியை ஒட்டிய நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

“ட்ரூடி என்ன சொன்னா?”

“எல்லாம் என் தப்புதானாம். உரத்தை அள்ளிக் கொட்டிட்டேனாம்.”

“பஸ் ஓட்டறப்பவும் நீ இப்படித்தான். பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிப்பே.” சிரிக்க முயன்று இருமினாள். “பாவம், அதை விட்டுடு டெஸ். பிழைக்கிறதுன்னா பிழைக்கட்டும்.”

“பிழைச்சுடும்னு சொல்லிட்டா” என்றார்.

உள்ளே போய் ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாவைப் பாலில் கலந்து எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கு வெனிலா.”

“நேத்து சாக்லேட் நல்லா இருந்துச்சு” என்றாள். “நீ சாப்பிட்டியா?”

“நீ குடிச்சு முடி. அப்புறம்தான் நான்.”

“தெரியுமே. அதுக்காகவே ஒரு சொட்டு விடாமக் குடிக்க வேண்டியிருக்கு. நீ போய் ரொட்டியைச் சுடு, போ.”

டெஸ்மண்ட் சமையலறைக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டார். இரண்டு வாரமாக ஒரு வாய்கூடத் தொண்டையில் இறங்காத அந்தப் பாலை ரோவீனா செடித்தொட்டியில் ஊற்றிவிட்டு, “குடிச்சுட்டேன், நீ சாப்பிடு” என்று கூப்பிடுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.