அதே குழி

ரெஜினா மகனின் கல்லறைக்குப் போனபோது அவன் பெயர் எழுதிய சிலுவையைக் காணவில்லை. அங்கே புது மண் மேடிட்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண் அழுதுகொண்டிருந்தாள். கோடிக்கணக்கானவர்கள் வாழும் அந்த நகரத்தில் செத்தவர்களுக்கும் இடம் போதவில்லை. சில வருஷங்கள் போனதும் அதே குழியில் இன்னொருவரைப் புதைத்துவிடுவார்கள். நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள் என்று ரெஜினா நம்பியிருந்தாள். சண்டை போடுகிற வேகத்தில் நெருங்கியவள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“யாரும்மா இது?”

“என் வீட்டுக்காரரு, அக்கா. போன வாரந்தான்...”

“இதுக்குக் கீழ என் பையன் இருக்கான். ஆரோன். ஆறு வயசு.”

அந்தப் பெண் பதறி எழுந்தாள். “ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா. இந்த இடந்தான்னு காட்டினாங்க.”

கொண்டுவந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரெஜினா நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரரு கோவக்காரரா?”

அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“இல்லக்கா. யாரையும் அதட்டிக்கூடப் பேசமாட்டாரு.”

“இவன் தூக்கத்துல உதைப்பான்” என்றாள் ரெஜினா.

அந்தப் பெண் குனிந்து மண்மேட்டை மெல்லத் தடவினாள்.

“உதைக்கட்டும்க்கா.”