நான்கு நிமிட மணற்கடிகாரம்

கணினி வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே ஊழியர் இருக்கையை விட்டு எழலாம் என்பது அலுவலக விதி. புதுக் கணினிகளோ கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டன. ஆகவே செண்பகவல்லி தன் கணினிக்குள் 1990-களில் வந்த, எழுபது வருடப் பழைய இயங்குதளம் ஒன்றை, அந்தக் காலத்து வேகத்திலேயே ஓடவிட்டாள். ஒரு கோப்பைத் திறந்தால் திரையில் மணற்கடிகாரம் நான்கு நிமிடம் நிற்கும். அதற்குள் கீழ்த்தளக் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடி, மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

மூன்றாம் நாள் மூச்சிரைக்கத் திரும்பியபோது மேலாளர் திலகவதி திரைமுன் நின்றிருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"என்னம்மா இது, மியூசியத்துலேருந்து தூக்கிட்டு வந்தியா?"

"கொஞ்சம் மெதுவா ஓடும், மேடம். ஆனா தப்பு வராது."

திலகவதி அவள் ரவிக்கையில் படர்ந்திருந்த ஈரத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிஷத்துல புள்ளைக்கு எங்கடி வயிறு நிறையும்? இதைவிடப் பழசா ஒண்ணு பாத்துப் போடு."