இருபத்து மூன்றாவது டேக்

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மன்னிப்புக் கேக்கச் சொன்னா, நீங்க சம்மன் அனுப்புற மாதிரி இருக்கு."

டப்பிங் இயக்குநர் மைக்கில் இதைச் சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருட்டறையில் நின்றிருந்தார் பெரியவர். நாற்பது வருடமாக வில்லன்களுக்கும் கறாரான அப்பாக்களுக்கும் குரல் கொடுத்தவர். ஸ்டுடியோக்களில் அவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். அந்த இடி இன்று காலையிலிருந்து இருபத்திரண்டு முறை முழங்கிவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

"சவுண்ட் லெவலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க," என்றார் பெரியவர், இயக்குநரிடம்.

ஒலிப்பதிவாளன் இயக்குநருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காதிலும் விழத்தான் செய்தது. குறைத்துவிட்டு, "குறைச்சாச்சுன்னு சொல்லுங்க சார்," என்றான். மூன்று வாரமாக இதே கூத்துதான். இந்த ஊரில் பெரிய ஆர்ட்டிஸ்ட்டுகள் டெக்னீஷியன்களிடம் நேரே பேசமாட்டார்கள் போலிருக்கிறது என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். அவர் ஊருக்கே புதியவர். இதையெல்லாம் தோண்டித் துருவ அவருக்கு நேரமும் இல்லை.

இயக்குநர் மைக்கை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, அஞ்சு மணிக்குள்ள இந்த ஒரு வசனம் ஓகே ஆகலன்னா வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க. இருபத்தஞ்சு எபிசோடையும் புதுக் குரல்ல முதல்லேருந்து. இந்த வயசுல மனுஷனுக்கு அது பெரிய அவமானம்யா. நீ பரவாயில்லன்னு சொல்லு, நானும் கண்ணை மூடிக்கிட்டு விட்டுடறேன்."

"சொல்ல முடியாது சார். பொய்யா இருக்கு."

"கல்நெஞ்சுக்காரன்யா நீ."

அவன் காட்சியை மறுபடி ஓடவிட்டான்.

அது ஒரு ராட்சத ரோபோவின் கதை. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால், இரண்டாவது எபிசோடிலேயே தூக்கம் போய்விடும். நாற்பது மாடி உயர இரும்பு உடம்பு, அதன் நெஞ்சுக்குள் பதினான்கு வயதுப் பையன் ஒருவன். அந்த ரோபோ பெட்ரோலில் ஓடுவதில்லை, உள்ளே இருப்பவனின் பயத்தில் ஓடுகிறது. அவன் எவ்வளவு நடுங்குகிறானோ அவ்வளவு பலம். அதனால் தளபதி அவனைத் தினமும் திட்டி, மிரட்டி, அறையில் பூட்டி, பயம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார். தளபதி வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற அப்பாதான். இதை எழுதியவன் வீடு வீடாக எட்டிப் பார்த்திருக்கிறான் என்று ஒலிப்பதிவாளனுக்குத் தோன்றும்.

இது கடைசி எபிசோடு. எதிரிகள் எல்லாம் ஒழிந்த பிறகும் ரோபோ நிற்கவில்லை. பையனின் பயம் நின்றால்தானே? ஊரை மிதித்துக்கொண்டு வருகிறது. தளபதி தன்னந்தனியாக நடுரோட்டில் போய் நின்று நிமிர்ந்து பார்க்கிறார். திரை முழுக்க ஒரு பாதம், அதன் முன்னால் எறும்பு மாதிரி ஒரு மனுஷன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் ஒலிப்பதிவாளனுக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

"படத்தை நிறுத்தச் சொல்லுங்க," என்றார் பெரியவர் திடீரென்று. "எனக்குப் படம் வேணாம்."

"படம் பார்க்காம எப்படிங்கய்யா? வாயசைவு சேராதே."

இயக்குநர் சொல்லி முடிப்பதற்குள் ஒலிப்பதிவாளன் திரையை அணைத்துவிட்டான். வசனத்துக்கு முன்னால் வரும் மூன்று பீப் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றார்.

"பயமுறுத்தினா நீ பலசாலியா வருவேன்னு நெனச்சேன். நீ பயந்தது என்னைப் பார்த்துத்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன். போதும்பா, இறங்கி வா. என்னை மன்னிச்சுடு, சின்னு."

அந்த ஆஜானுபாகுவான உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஒலிப்பதிவாளன் அதைப் படத்தோடு சேர்த்து ஓட்டிக் காட்டினான். பார்க்காமலே பேசியும் வாயசைவு அச்சாகப் பொருந்தியிருந்தது.

"ஓகே. டபுள் ஓகே," என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு கேட்டதில்லய்யா. ஆனா தளபதி வாயை மூடின பிறகு 'சின்னு'ன்னு ஒரு வார்த்தை கூடுதலா விழுந்திருக்கு பார். பையன் பேரு அது இல்லையே. யாரு அது? அதை மட்டும் வெட்டிடு."

"வெட்டிடறேன் சார்," என்றான் ஒலிப்பதிவாளன். "ஆனா எனக்குன்னு ஒரு காப்பி எடுத்துக்கறேன். அப்பா என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு."