ஸ்டேஷன் வாசலில் முதல் வண்டி

"இது பந்தயமா, பித்தலாட்டமா? குதிரைக்குச் சாராயம் கொடுத்து ஓட்டியிருக்கான் அண்ணாச்சி!"

குத்தாலிங்கம் போட்ட சத்தத்தில், குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டம் ஈரத் துண்டோடு திரும்பிப் பார்த்தது.

சாரல் தொடங்கியதும் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் வரை குதிரை வண்டிக்காரர்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. ஜெயித்தவனுடைய வண்டிதான் அந்த சீசன் முழுக்க ஸ்டேஷன் வாசலில் முதலில் நிற்கும். ரயிலை விட்டு இறங்குகிறவன் முதல் வண்டியில்தானே ஏறுவான்? கடைசி வண்டிக்காரன் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

போன சீசனெல்லாம் ஈ ஓட்டிய பலவேசம் இன்றைக்கு முதலில் வந்துவிட்டான். குத்தாலிங்கம் இரண்டாவது. வயிறு எரியாமல் இருக்குமா?

வண்டிக்காரர் சங்கத் தலைவர் நம்பிராஜன், பலவேசத்தின் செவலைக் குதிரை வாயருகே குனிந்தார். முகத்தைச் சுளித்தார்.

"வாடை வருதே! ஏட்டையா, இங்கன வாங்க. நீங்கதான் இதைச் சொல்லணும்."

மதுவிலக்கு வந்த நாளிலிருந்து ஊரார் வாயை மோந்து மோந்தே மூக்கு தேய்ந்தவர் ஏட்டு கடற்கரை. பழக்க தோஷத்தில் குதிரையிடமும், "ம், ஊது" என்றார். கூட்டம் சிரித்தது. பலவேசம் சிரிக்கவில்லை.

செவலை அவர் முகத்திலேயே தும்மியது.

"சாராயந்தான், சந்தேகமே இல்ல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார் ஏட்டு. "அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமஸ்தானச் சரக்கு. செங்கோட்டை."

"ஏலே பலவேசம், என்னலே இது?" என்றார் நம்பிராஜன்.

பலவேசம் ஒரு தரம் குத்தாலிங்கத்தைப் பார்த்தான். பிறகு குதிரையின் பிடரியைத் தடவினான்.

"நான் கொடுக்கலை அண்ணாச்சி."

"அப்ப யாரு கொடுத்தா? பேரைச் சொல்லுலே. ஏட்டையா இப்பவே அவனை அள்ளிட்டுப் போயிருவாரு. முதல் இடம் ஒனக்குத்தான்."

பலவேசம் குனிந்து, செவலையின் வாய் நுரையைத் துண்டால் துடைத்தான்.

"பாத்தியளா? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிக்கான்!" என்று குதித்தான் குத்தாலிங்கம். "வாயில்லாச் சீவனுக்கு ஊத்தி விட்டவன் மனுசனா? இவனைக் கடைசியில நிறுத்துங்க அண்ணாச்சி!"

நிறுத்தினார்கள். முதல் இடம் குத்தாலிங்கத்துக்குப் போயிற்று. குதிரை குடித்தால் பிடிக்கச் சட்டமில்லை என்று சொல்லிவிட்டு ஏட்டும் நடையைக் கட்டினார். குளிக்க வந்தவர்கள்கூட பலவேசத்தைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

குத்தாலிங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போது பலவேசம் பக்கத்தில் வந்தான்.

"குத்தாலிங்கம், காலையில ஸ்டேஷன்ல ஏட்டைக் கண்டதும், மடியில வச்சிருந்ததை நீரு எங்க ஊத்தினீருன்னு நான் பாத்தேன்வே."

மீசையிலிருந்து கை இறங்கியது.

"என் செவலை குடிக்கிற வாளியில ஊத்தினீரு. நான் ஓடி வாரதுக்குள்ள அது குடிச்சிட்டுது. பந்தயமே வேண்டாம்னு நிறுத்தியிருப்பேன். ஏன்னு கேட்டா என்ன சொல்ல? ஏட்டு பக்கத்துலயே நிக்காரு. பாவம், தள்ளாடிக்கிட்டே ஓடி ஜெயிச்சுது. அதை நெனச்சாத்தான்வே மனசு ஆறலை."

குத்தாலிங்கம் வண்டிப் படியிலிருந்து காலைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி கேட்டப்பவே... என் பேரைச் சொல்லியிருக்கலாம்லா?"

பலவேசம் கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையைத் திருப்பினான்.

"போன தடவை நீரு ஜெயில்ல கிடந்தப்பதான உம்ம பொண்டாட்டி பேராச்சி ஒத்தையில கிடந்து பிள்ளை பெத்தா? இப்பவும் அவ மாசமால்லா இருக்கா."