அழைத்துச் சென்றவர்

எழுத்தர் பதிவேட்டை மூடிவிட்டு மறுபடியும் திறந்தார்.

“நம்பர் சரிதானாம்மா?”

அவள் தீர்ப்பு நகலை நீட்டினாள். பதின்மூன்று வருடம் பீரோவில் கிடந்த தாள். பேச்சிமுத்து. கொலைக் குற்றம். ஆயுள் தண்டனை.

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாரை வார்க்க அப்பா வேண்டும். மூன்று நாள் பரோல் கேட்டு மனு எழுதிக்கொண்டு சிறைக்கு வந்திருந்தாள்.

புருஷன் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். முதல் வருடம் நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் பார்க்க மறுத்துவிட்டார்.

அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. கூண்டேறி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அவள்தான். வெட்டுப்பட்டுச் செத்தது அவளுடைய தம்பி.

அன்று மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பேசி முடிக்கும்வரை அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்த்து வந்தது அவன்தான். கைலி, முறுக்கு, நல்லெண்ணெய் என்று அவள் கொடுத்தனுப்புவாள். திரும்பி வந்ததும் ஒரே பேச்சுதான். நல்லா இருக்காவ.

போன ஞாயிறும் போய் வந்தான்.

“ஆளு வெளிய போயி மூணு வருசம் ஆச்சேம்மா. நன்னடத்தையில விட்டாச்சு. உங்களுக்குத் தெரியாதா?”



எழுத்தர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

விடுதலை, காலை பத்தேகால்.

அழைத்துச் சென்றவர், இசக்கிராஜா.

உறவு, மகன்.

கையெழுத்து அவனுடையதுதான்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டான் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் மகன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டான். ஒரு வாரமாகத் தடுத்தும் பார்த்திருந்தான். வேண்டாம்மா, கேட்டாலும் வரமாட்டாவ.

அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

“யம்மா, என்ன சொன்னாவ?”

அவள் அவன் கண்ணையே பார்த்தாள்.

“ஒங்கப்பா செத்துட்டாவளாம். இப்பத்தான் தகவல் வந்துச்சாம்.”

 அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எதிரில் அவள் நிற்பதையே மறந்து போனை எடுத்து அழுத்தினான்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

“எடுங்கப்பா. எடுங்க.”

அழுதான். பன்னிரண்டு வயதில் கோர்ட்டில்கூட அவன் அழவில்லை.

அவள் அசையாமல் நின்றாள். அழட்டும் என்று இருந்தது.

ஏழாவது மணியோ எட்டாவதோ, எடுத்தார்கள்.

“சொல்லுலே.”

பதின்மூன்று வருடம் கழித்து அந்தக் குரல் அவளுக்கும் கேட்டது.

போனுக்காகக் கையை நீட்டினாள்.